பிராக் நகரும் அதன் சுற்றுப்புறமும்: ஆறு நாள் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செக் குடியரசின் தலைநகரான பிராக்குக்கு வருவோரில் பலர் இரண்டு நாள் தங்கி, கோட்டை, பாலம், கடிகாரம் ஆகிய மூன்றையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, வியன்னாவுக்கோ புடாபெஸ்ட்டுக்கோ ரயில் ஏறிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவேண்டாம் என்பதுதான் இந்த வழிகாட்டியின் முதல் வேண்டுகோள். வல்தாவா ஆற்றின் இரு கரையிலும் எழுந்து நிற்கும் இடைக்காலக் கட்டடங்களுக்கான செல்வத்தில் பெரும்பங்கு, கிழக்கே ரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள குட்னா ஹோராவின் வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. நகரை விரித்துக் கட்டிய பேரரசர் நான்காம் சார்லஸ் தம்முடைய மணிமுடிச் செல்வங்களைக் காக்க எழுப்பிய கோட்டை தென்மேற்கே கார்ல்ஷ்டெய்னில் இருக்கிறது. வல்தாவா தன் பயணத்தை முடித்து எல்பே ஆற்றில் கலக்கும் இடம் வடக்கே மியெல்னீக்கில் இருக்கிறது. நகரையும் நாட்டுப்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு ஒன்றோடொன்று பொருந்தி விளங்கும். அதற்கு ஆறு நாள் போதும்: மூன்று நாள் நகருக்கு, மூன்று நாள் வெளியே.

படி 1: காலத்தையும் கிழமைகளையும் முடிவுசெய்தல்

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் மிக ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழைய நகரின் குறுகிய தெருக்களில் கூட்டம் நெருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகாக இருக்கும் என்றாலும், பகல் வெளிச்சம் சுமார் எட்டு மணி நேரம்தான் கிடைக்கும். நகருக்கு வெளியேயுள்ள கோட்டைகளும் சுரங்கங்களும் குளிர்காலத்தில் மூடியிருக்கும் அல்லது குறைந்த நேரமே திறந்திருக்கும். நாட்டுப்புறத்தைப் பார்க்க விரும்புவோர் குளிர்காலத்தைத் தவிர்ப்பதே நல்லது.

மாதத்தைவிடக் கிழமையைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் திட்டத்தைக் குலைப்பது பெரும்பாலும் அதுதான். யூத அருங்காட்சியகத்தின் தொழுகைக்கூடங்களும் இடுகாடும் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாள்களிலும் திறக்கப்படுவதில்லை. கார்ல்ஷ்டெய்ன் உள்ளிட்ட பல அரசுக் கோட்டைகள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால், பார்வையாளர்கள் நண்பகலுக்குப் பிறகே நுழையலாம். ஆகவே விமானச்சீட்டு வாங்கியதும் ஒரு தாளில் ஆறு நாள்களையும் கிழமையோடு எழுதி, இந்த மூன்று தடைகளையும் முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: விசாவும் பணமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடைக்கால முன்பதிவு நேரங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் கடைசி மாதம்வரை காத்திருக்கவேண்டாம். ஐரோப்பாவிலேயே வாழும் தமிழர்களுக்கு ரயில் மிக வசதியானது: பெர்லின், வியன்னா இரண்டிலிருந்தும் நேரடி ரயில்கள் நான்கு அல்லது நான்கரை மணி நேரத்தில் பிராக்கின் முதன்மை ரயில் நிலையமான ஹ்லாவ்னி நாட்ராஷியில் கொண்டுவந்து இறக்கிவிடும்.

செக் குடியரசு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர் என்றாலும், அதன் நாணயம் இன்றும் கொருனாதான். பழைய நகரில் சில கடைகள் யூரோவையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் அவர்கள் வைக்கும் மாற்று விலை உங்களுக்கு நட்டமாகவே முடியும். தெருவில் யாராவது அணுகி நல்ல விலைக்குப் பணம் மாற்றித் தருவதாகச் சொன்னால் நிற்காமல் நடந்துவிடுங்கள். செல்லாத நோட்டையோ வேறு நாட்டு நோட்டையோ கையில் திணிக்கும் பழைய ஏமாற்று அது. உரிமம் பெற்ற மாற்றகத்தில் 1,000 யூரோவுக்கு மிகாத தொகையை மாற்றிவிட்டு விலை சரியில்லை என்று உணர்ந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப்போய் அதை ரத்துசெய்யும் உரிமை 2019 முதல் சட்டப்படி உண்டு. இதைப் பயணிகள் பலர் அறிவதில்லை. ஏ.டி.எம். எந்திரமும் கடையின் அட்டைக் கருவியும் உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடட்டுமா என்று கேட்கும்போது, எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள்.

படி 3: தங்குமிடமும் நகரப் போக்குவரத்தும்

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுப்பதில் பெரிய பயன் இல்லை. வாடகை அதிகம், இரவுச் சத்தமும் அதிகம். வினோஹ்ராடி, கார்லீன், ஸ்மீஹோவ் போன்ற பகுதிகளில் தங்கினால், மெட்ரோவிலோ டிராமிலோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் மையத்துக்கு வந்துவிடலாம். உள்ளூர் மக்கள் சாப்பிடும் உணவகங்களும் பக்கத்திலேயே இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து 59 எண் டிராலிபஸ் நாட்ராஷி வெலெஸ்லவீன் மெட்ரோ நிலையத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து பச்சை நிற ஏ தடம் நேராக நகர மையத்துக்குப் போகும். மெட்ரோவில் மூன்றே தடங்கள் இருப்பதால் குழப்பமே இல்லை. ஒரே பயணச்சீட்டு மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும், ஆற்றைக் கடக்கும் சிறு படகுகளுக்கும்கூடச் செல்லும். 24 மணி நேர, 72 மணி நேரச் சீட்டுகள் பயணிகளுக்குச் சிக்கனமானவை. தாள்சீட்டு வாங்கினால், முதல் பயணத்தின் தொடக்கத்தில் அதை மஞ்சள் நிறப் பெட்டியில் நுழைத்து நேர முத்திரை பெறுவது கட்டாயம். முத்திரை இல்லாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம் என்பதால், பரிசோதகர் அங்கேயே அபராதம் விதிப்பார்.

படி 4: முதல் நாள், மேலிருந்து ஆற்றை நோக்கி

பெரும்பாலோர் ஆற்றிலிருந்து கோட்டைக்கு மூச்சிரைக்க ஏறுகிறார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். 22 எண் டிராமில் ஏறிக் கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி, போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால், அன்றைய நடை முழுவதும் இறக்கமாகவே அமையும். வயதான பெற்றோரோடு வருவோருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய உதவி.

இறங்கியதும் முதலில் வருவது 1143இல் நிறுவப்பட்ட ஸ்ட்ராஹோவ் துறவியர் மடம். அதன் நூலகத்தில் இரண்டு பெருங்கூடங்கள் உள்ளன. நூல்களைக் காக்கும் பொருட்டுப் பார்வையாளர்கள் வாசலில் நின்று மட்டுமே பார்க்க முடியும், ஆனாலும் சீட்டு வாங்கத் தகுந்த காட்சிதான். மடத்தின் தோட்ட மேடையிலிருந்து நகரம் முழுவதும், ஆற்றின் வளைவோடு, கீழே விரிந்து தெரியும். இந்த மூன்று நாளில் போகவிருக்கும் இடங்களை அங்கிருந்தே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் பிராக் கோட்டை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அரசர்களும், பின்னர் குடியரசுத் தலைவர்களும் இங்கிருந்தே ஆண்டுவருகிறார்கள். ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்புள்ள இந்த வளாகம் அரண்மனைகள், ஆலயங்கள், தெருக்கள், தோட்டங்கள் எல்லாம் அடங்கிய ஒரு சிறு நகரம். வாயிலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை; கட்டடங்களுக்குள் செல்லத்தான் சீட்டு, அது இரண்டு நாளுக்குச் செல்லும்.

புனித விட்டஸ் பேராலயத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1344இல் அராஸ் ஊரைச் சேர்ந்த மத்தியாஸ் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தொடங்கினார். அவருக்குப் பின் பேட்டர் பார்லர் என்ற ஜெர்மானிய இளைஞர் தொடர்ந்தார். போர்களாலும் பணத்தட்டுப்பாட்டாலும் நின்றுபோன பணி 1929இல்தான் நிறைவுற்றது. ஆகவே மேற்கு வாயிலும் அதையடுத்த பகுதியும் நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் கட்டியவை. உள்ளே நடந்து கிழக்குப் பக்கம் போகப் போகத்தான் 14ஆம் நூற்றாண்டுக்குள் நுழைகிறோம். இடப்பக்கம் ஓவியர் அல்ஃபோன்ஸ் முஹா வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் ஒளி விழும் நேரம் மிக அழகு. வலப்பக்கம் உள்ள புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தின் சுவரில் மெருகேற்றிய மணிக்கற்கள் பதித்திருக்கிறார்கள். அதன் மூலையில் இருக்கும் சிறு கதவின் வழியாகத்தான் போஹீமிய (பழைய செக் நாட்டு) அரச மணிமுடி வைக்கப்பட்ட அறைக்குச் செல்ல வேண்டும். அந்த அறையின் கதவுக்கு ஏழு பூட்டுகள். ஏழு சாவிகளும் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர் உள்ளிட்ட ஏழு பேரிடம் தனித்தனியே இருக்கின்றன.

பழைய அரண்மனையிலுள்ள விளாடிஸ்லாவ் மண்டபத்தில் வீரர்கள் குதிரைமீதே ஏறிவந்து போட்டியிட்டார்கள். அதற்கென அமைத்த அகன்ற படிக்கட்டு இன்றும் இருக்கிறது. பக்கத்து அறையின் சன்னலிலிருந்துதான் 1618இல் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள், ஆனால் அந்த நிகழ்ச்சி தூண்டிவிட்ட முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவின் பெரும்பகுதியை அழித்தது. பொற்சந்து எனப்படும் குறுந்தெருவில் 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்கா 1916, 1917 ஆண்டுகளில் எழுதிவந்தார். கூட்டம் நெரிந்தால் அந்தத் தெருவை விரைவாகக் கடந்துவிடலாம்.

கோட்டையிலிருந்து நெருடா தெரு வழியாக இறங்குங்கள். வீட்டுக்கு எண் இடும் வழக்கம் 1770இல் வருவதற்கு முன், ஒவ்வொரு வீட்டுக்கும் வாசலுக்கு மேலே ஒரு சின்னமே அடையாளமாக இருந்தது: மூன்று வயலின்கள், இரண்டு சூரியன்கள், சிவப்பு ஆட்டுக்குட்டி என்று அவை இன்றும் அப்படியே நிற்கின்றன. குழந்தைகளை அழைத்துவந்திருந்தால், அவற்றைத் தேடச் சொல்லுங்கள். இறக்கம் முடிவது தெரியாது.

படி 5: சார்லஸ் பாலத்தை விடியற்காலையில் கடத்தல்

இந்தப் பாலத்தைப் பகல் பத்து மணிக்குப் பார்ப்பதும் காலை ஆறு மணிக்குப் பார்ப்பதும் இருவேறு அனுபவங்கள். இரண்டாம் நாள் விழிப்பதற்குச் சற்று வருத்திக்கொண்டாவது சூரியன் எழும் நேரத்தில் அங்கே இருங்கள்.

முன்பு இங்கிருந்த ஜூடித் பாலத்தை 1342இன் வெள்ளம் அடித்துச் சென்றது. 1357இல் நான்காம் சார்லஸ் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். பேராலயத்தைக் கட்டிய அதே பார்லரின் பெயர்தான் இதனோடும் இணைந்திருக்கிறது. 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். இருபுறமும் நிற்கும் 30 சிலைத்தொகுதிகளில் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சேர்க்கப்பட்டவை. பலவற்றின் மூலச்சிலைகளை மழையிலிருந்தும் புகையிலிருந்தும் காக்க அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டு, இங்கே நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

எல்லாச் சிலைகளையும் பார்க்க முயன்றால் எதுவுமே மனத்தில் நிற்காது, மூன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது 1683இல் வைக்கப்பட்ட நெப்போமுக்கின் புனித ஜான் சிலை. பேராயரின் அதிகாரியான அவரை 1393இல் அரசரின் ஆணைப்படி இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்து கொன்றார்கள். பீடத்திலுள்ள வெண்கலப் பலகையின் ஒரு பகுதி மட்டும், தொட்டுத் தொட்டுத் தேய்ந்து பொன்போல் மின்னும். இரண்டாவது சிலுவை: அதைச் சுற்றி எபிரேய எழுத்தில் பொன்வண்ண வாசகம் ஒன்று இருக்கிறது. தெய்வ நிந்தனை செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட யூதர் ஒருவரிடம் தண்டமாக வாங்கிய பணத்தில் 1696இல் அதைப் பொறித்தார்கள். யூதர்களை இழிவுபடுத்தவே அப்படிச் செய்தார்கள் என்பதை விளக்கும் பலகையையும் பிற்காலத்தில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் யூதர் பகுதியான யோசெஃபோவுக்குப் போகுமுன் இதைப் பார்த்திருப்பது நல்லது.

மூன்றாவதைப் பாலத்தின்மேல் காண முடியாது. பழைய நகரப் பக்கத்தில், பாலத்தையொட்டிய கரைச்சுவரில், தாடிவைத்த ஒரு மனிதரின் கல்முகம் பதிந்திருக்கிறது. பழைய ஜூடித் பாலத்திலிருந்து எஞ்சிய கல் அது. நீர் அவருடைய தாடியைத் தொட்டதும் கரையோர மக்கள் உடைமைகளை எடுத்துக்கொண்டு வெளியேறத் தொடங்குவார்கள். கல்முகமே அந்தக் காலத்து வெள்ள அளவுகோல். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறு மெட்ரோ சுரங்கங்களுக்குள்ளேயே புகுந்தது. மேற்குக் கரையிலுள்ள கம்பா தீவின் வீட்டுச் சுவர்களில் நீர் ஏறிய உயரத்தைக் குறித்திருக்கும் அடையாளங்களைத் தேடிப் பார்த்தால், இந்த ஆறு எவ்வளவு தூரம் மேலேறும் என்பது புரியும்.

படி 6: பழைய நகரமும் வானியல் கடிகாரமும்

பழைய நகர மண்டபத்தின் கடிகாரம் 1410இல் அமைக்கப்பட்டது. இன்றும் இயங்கும் வானியல் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது. மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு மணியடிக்க, மேலேயுள்ள இரு சிறு சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் வந்துபோக, இறுதியில் சேவல் கூவும். அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நடக்கும் இதைக் காணத்தான் அவ்வளவு கூட்டமும் கூடுகிறது. அது கலைந்தபின் நின்று முகப்பைப் படியுங்கள். உண்மையான அற்புதம் அங்கேதான் இருக்கிறது.

பொற்கை காட்டும் ரோமன் எண் இன்றைய மணி. வெளிவளையத்திலுள்ள பழைய பாணி எண்கள் 1 முதல் 24 வரை, பழைய செக் நேரத்தைக் காட்டுகின்றன. அந்தக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது தொடங்கும், ஆகவே 24 என்ற எண் அன்றன்றைய அஸ்தமனத்துக்கு ஏற்ப வளையத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் மரபை அறிந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமே இல்லை. உள்ளே சுழலும் சிறு வளையத்தில் பன்னிரண்டு ராசிகளும் இருக்கின்றன. பொன் சூரியன் இங்கே மேஷத்துக்குள் நுழைவது மார்ச் 21ஐ ஒட்டி. நம் பஞ்சாங்கத்தில் மேஷப் பிரவேசம் சித்திரை முதல் நாளன்று, ஏப்ரல் நடுவில். இரவும் பகலும் சமமாகும் நாளை இவர்கள் தொடக்கமாகக் கொள்ள, விண்மீன்களின் நிலையை நாம் கொண்டதால் வந்த இடைவெளி அது.

1415இல் எரித்துக் கொல்லப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் நினைவுச்சின்னம் சதுக்கத்தில் நிற்கிறது. நகர மண்டபத்தின் காலடியில் தரையில் பதித்த 27 வெண்சிலுவைகள், 1621இல் அங்கே தலைவெட்டியும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட, 1618இல் தொடங்கிய கிளர்ச்சியின் தலைவர்களுக்கானவை; கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும் கூட்டம் பெரும்பாலும் அவற்றின்மீதே நின்றுகொண்டிருக்கும். எதிரே இரட்டைக் கோபுரத்தோடு எழும் டீன் ஆலயத்துக்குள் வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் கரோலினும் என்ற கட்டடம் வரும். 1348இல் நான்காம் சார்லஸ் நிறுவிய பல்கலைக்கழகத்தின் மூல இல்லம் அது. சங்க இலக்கியத்தையும் திராவிட மொழிகளையும் உலக ஆய்வரங்கில் முன்வைத்தவர்களில் ஒருவரான கமில் சுவெலபில் 1927இல் இந்நகரில் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் தந்த அவர், 1968இல் சோவியத் படைகள் நகருக்குள் நுழைந்தபின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தமிழர் ஒருவர் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது பொருத்தம்தான்.

படி 7: யோசெஃபோவ்

யூதர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு அரை நாள் கொடுங்கள், அமைதியாகப் பாருங்கள். சுமார் 1270இல் கட்டிய பழைய-புதிய தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. இடுகாட்டில் 1439 முதல் 1787 வரை அடக்கம் செய்தார்கள். நிலத்தை விரிவாக்க அனுமதி கிடைக்காததால் மண்ணை மேலும் மேலும் கொட்டிப் பல அடுக்காகப் புதைத்ததன் விளைவு, ஏறத்தாழ 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கி நிற்பது.

பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பிலும், தனிப்பெயரும் நாள்களும் கறுப்பிலும் இருக்கும். மாடியில், டெரெசீன் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை முகாமுக்குள் இரகசியமாக வகுப்பு நடத்தி வரையவைத்த படங்கள் அவை. ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படுமுன் அவர் ஏறத்தாழ 4,500 படங்களைப் பெட்டிகளில் மறைத்துவைத்துச் சென்றார். ஆசிரியையும் திரும்பவில்லை, குழந்தைகளில் பெரும்பாலோரும் திரும்பவில்லை.

படி 8: விஷெஹ்ராடும் ஆற்றங்கரையும்

மூன்றாம் நாள் மாலையை நகரின் தெற்கே ஆற்றுக்கு மேலே எழும் விஷெஹ்ராட் பாறைக்கு வையுங்கள். மெட்ரோவின் சி தடத்தில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கினால் மதில்வரை சமதரை. கோட்டைக்கு வரும் கூட்டத்தில் சிறு பகுதிகூட இங்கே வருவதில்லை. 11ஆம் நூற்றாண்டின் வட்டச் சிற்றாலயம் ஒன்றும், இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெட்டானா, ஓவியர் முஹா, எழுத்தாளர் கரெல் சாப்பெக் ஆகியோர் துயிலும் இடுகாடும் இங்கே இருக்கின்றன. இருட்டுமுன் இறங்கி, கரையோரமாக வடக்கே நடந்து மையத்தை அடையலாம். சனிக்கிழமை காலையாக இருந்தால் அந்தக் கரையில் உழவர் சந்தை கூடும்.

படி 9: உணவு

செக் உணவு இறைச்சியையும் மாவு உருண்டைகளையும் அடிப்படையாகக் கொண்டது. பாலேட்டுக் குழம்பில் மாட்டிறைச்சியும் கிநெட்லிக் எனப்படும் மாவுத்துண்டுகளும் சேர்ந்த ஸ்விச்கோவா மிகப் புகழ்பெற்றது. சைவம் உண்போருக்குப் பொரித்த பாலாடைக்கட்டி, பூண்டும் மருக்கொழுந்து போன்ற மணமுள்ள இலையும் சேர்த்துச் சுடும் உருளைக்கிழங்கு அடையான பிராம்போராக், பழம் பொதிந்த இனிப்பு உருண்டை ஆகியவை உண்டு. உணவுப்பட்டியலில் "பெஸ் மசா" என்றால் இறைச்சி இல்லாதது என்று பொருள். ஆனால் சூப்பைப் பன்றி எலும்புச் சாற்றில் செய்திருக்கக்கூடும், கேட்டுவிடுவது நல்லது. வேலைநாள்களில் நண்பகலில் போடப்படும் மதிய உணவுப்பட்டியலில் விலை மலிவு, உணவும் அப்போது சமைத்தது. நகரெங்கும் விற்கும் ட்ரெடெல்னீக் என்ற சுருள் ரொட்டி, பெயர்ப்பலகை எப்படிச் சொன்னாலும், இந்நகரின் பழைய மரபு அன்று.

படி 10: குட்னா ஹோரா, வெள்ளி தந்த ஊர்

வெளியே செல்லும் மூன்று நாள்களில் இதற்கே முதலிடம். ஹ்லாவ்னி நாட்ராஷியிலிருந்து நேரடி ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஊரின் முதன்மை நிலையம் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, செட்லெட்ஸ் என்ற புறநகர்ப் பகுதியில் இருப்பதால், அங்கிருந்தே தொடங்கிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிட நடையில் எலும்பு ஆலயம் வரும். 1278இல் மடத்தலைவர் ஒருவர் இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான எருசலேமின் கொல்கொதாவிலிருந்து கொண்டுவந்து தூவிய மண்ணால் இந்த இடுகாடு புனிதமெனக் கருதப்பட்டது. கொள்ளைநோயிலும் சமயப்போர்களிலும் இறந்தவர்கள் பெருந்திரளாக இங்கே புதைக்கப்பட்டார்கள். குறைந்தது 40,000 பேரின் எலும்புகளை 1870இல் ஃப்ரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பி இன்றுள்ள வடிவில் அடுக்கினார். மனித உடலின் எல்லா வகை எலும்பும் இடம்பெற்றதாகச் சொல்லப்படும் தொங்குவிளக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. இது இறந்தோரின் இடம் என்பதால் அந்தத் தடையை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். சீட்டு ஆலய வாசலில் கிடைக்காது. அருகிலுள்ள தகவல் மையத்தில் இந்த எலும்பு ஆலயம், செட்லெட்ஸ் பேராலயம், பழைய ஊரின் பார்பரா பேராலயம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு உள்ளூர் ரயிலிலோ பேருந்திலோ பழைய ஊருக்குச் செல்லுங்கள். இத்தாலிய முற்றம் எனப்படும் கட்டடத்தில்தான் 1300 முதல் பிராக் குரோஷன் என்ற வெள்ளிக்காசு அச்சிடப்பட்டது. அதற்கென ஃப்ளோரன்சிலிருந்து வல்லுநர்களை இரண்டாம் வென்செஸ்லாஸ் அரசர் வரவழைத்ததால் அந்தப் பெயர் வந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் செல்லுபடியான காசு அது.

சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதரான பார்பராவுக்கு 1388இல் பேராலயம் எழுப்பத் தொடங்கினார்கள். வெள்ளி வற்றியதும் பணி நின்றது, 1558இல் ஒரு தற்காலிகச் சுவரை எழுப்பி அப்படியே விட்டார்கள், 1905இல்தான் முடித்தார்கள். கூடாரம்போல் மூன்று முனையாக எழும் கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் நடுவே, வெள்ளை மேலாடை அணிந்து நிற்கும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலை இருக்கும். பக்கச் சிற்றாலயத்தின் சுவரோவியத்தில் ஒருவர் உட்கார்ந்து சுத்தியலால் காசு அடிக்கிறார். உழைத்தவர்களை அவர்களுடைய பணத்தில் எழுந்த ஆலயத்துக்குள்ளேயே இவ்வளவு நேராகக் காட்டியிருப்பது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது. ஊரிலுள்ள வெள்ளி அருங்காட்சியகத்தில் அதே வெள்ளை மேலாடையை உங்களுக்கும் அணிவித்து, தலைக்கவசமும் விளக்கும் தந்து, இடைக்காலச் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்கிறார்கள். வழி சில இடங்களில் மிகக் குறுகலானது; மூச்சுமுட்டும் அச்சம் உள்ளவர்கள் தவிர்க்கவும். குளிர்காலத்தில் சுரங்கம் திறப்பதில்லை.

படி 11: கார்ல்ஷ்டெய்னும் காட்டு நடையும்

பெரோவுங்கா ஆற்றை ஒட்டியே ஓடும் எஸ்7 புறநகர் ரயிலில் நாற்பது நிமிடம். நிலையத்திலிருந்து கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். 1348இல் தொடங்கிய இக்கோட்டையின் பெருங்கோபுரத்தில், அரச சின்னங்களுக்காக அமைத்த திருச்சிலுவைச் சிற்றாலயம் இருக்கிறது. பொன்பூசிய கூரை, மணிக்கற்கள் பதித்த சுவர், ஓவியர் தியோடோரிக்கின் சுமார் 130 பலகை ஓவியங்கள் எனப் பேராலயத்தின் வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தை நினைவூட்டும் இடம் அது. பொதுச் சுற்றில் இதைக் காட்டமாட்டார்கள். சிறு குழுக்களை மட்டும், குளிர்காலம் தவிர்த்த மாதங்களில் அனுமதிப்பதால், தனிச்சுற்றுக்குப் பல வாரம் முன்பே பதிவுசெய்யுங்கள். அந்தச் சீட்டு கிடைக்காவிட்டால், கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் காட்டு வழியே நடப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

செக் நாட்டின் நடைபாதைக் குறிகளை 1889 முதல் தன்னார்வலர்கள் மரங்களிலும் கம்பங்களிலும் தீட்டிவருகிறார்கள்: இரு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றில் ஒரு நிறக்கோடு. கார்ல்ஷ்டெய்னிலிருந்து சிவப்புக் குறியைப் பின்தொடர்ந்தால், சுண்ணப்பாறைக் காட்டின் வழியே, பாறைச்சரிவின் அடியில் ஒடுங்கிய ஸ்வாட்டி யான் போட் ஸ்கலோவ் என்ற சிற்றூரின் மடத்தை அடைந்து, பெரோவுன் நகரில் முடிக்கலாம். மொத்தம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பெரோவுனிலிருந்து பிராக்குக்கு அடிக்கடி ரயில் உண்டு. மழை பெய்த மறுநாள் பாதை வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம். வழியில் கடைகள் குறைவு என்பதால் தண்ணீரும் உணவும் எடுத்துச்செல்லுங்கள்.

படி 12: ஆறாம் நாள், மியெல்னீக் அல்லது டெரெசீன்

இரண்டையும் ஒரே நாளில் திணிக்கவேண்டாம். பிங்காஸ் சுவரின் பெயர்கள் உங்களை விடாமல் தொடர்ந்தால் டெரெசீன் செல்லுங்கள்; ஹொலெஷோவிட்சே நிலையத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். 18ஆம் நூற்றாண்டில் ராணுவக் கோட்டையாகக் கட்டிய இந்த ஊரை நாஜிகள் யூதர்களை அடைக்கும் முகாமாக்கினார்கள். ஏறத்தாழ 33,000 பேர் இங்கேயே இறந்தார்கள், அதைவிடப் பல மடங்கினர் இங்கிருந்து கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். முழு நாள் வேண்டும். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டாம்.

மற்றவர்களுக்கு மியெல்னீக். லாட்வி மெட்ரோ நிலையத்திலிருந்து பேருந்து செல்கிறது. குன்றின்மேல் இருக்கும் மாளிகையின் பின்புற மேடையில் நின்றால், திராட்சைத் தோட்டச் சரிவின் அடியில் வல்தாவாவும் எல்பேயும் கூடுவது தெரியும். அருகிலேயே நேர்கோடாகத் தெரிவது கப்பல்களுக்கான கால்வாய். அதைப் பலர் வல்தாவா என்று எண்ணிவிடுகிறார்கள், ஆறு அதற்கும் அப்பால் மரங்களுக்கிடையே வருகிறது. சுமார் 430 கிலோமீட்டர் ஓடிவந்த வல்தாவா, இங்கே எல்பேயைவிட நீளமானது, அதிக நீரும் சுமப்பது. ஆயினும் கூடிய ஆறு எல்பே என்ற பெயரிலேயே ஹாம்பர்க் வழியாக வடகடலுக்குப் போகிறது. சரிவிலுள்ள திராட்சைக்கும் நான்காம் சார்லஸோடு தொடர்பு உண்டு: பர்கண்டியிலிருந்து கொடிகளை வரவழைத்து இங்கே நடவைத்தவர் அவர்.

தெற்கேயுள்ள செஸ்கி க்ரும்லோவ் இந்தத் திட்டத்தில் சேராததற்குக் காரணம் தொலைவு மட்டுமே. 170 கிலோமீட்டருக்கு மேல், ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்; ஒரே நாளில் போய்வந்தால் கூட்டம் மிகுந்த நேரத்தை மட்டும்தான் அங்கே கழிக்க முடியும். ஏழாம், எட்டாம் நாள்கள் கையில் இருந்தால் அங்கே ஓர் இரவு தங்குமாறு அமைத்து, பயணப்பெட்டியையும் உடன் எடுத்துச்சென்று, அப்படியே ஆஸ்திரியாவுக்குத் தொடருங்கள்.